உள்ளங்கையில் ஒரு சொட்டு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஒரு லேப்டாப்புக்கு ஆபரேஷன் நடந்தது.

சர்ஜன், என் கணவர். ரிட்டயரான மனுஷர். கை நிறைய நேரம், போன் நிறைய வீடியோ. கேட்க வேண்டுமா? லேப்டாப் தோசைக்கல்லாகச் சுடுகிறதாம். உள்ளே ப்ராசஸர் மேல் 'லிக்விட் மெட்டல்' தடவினால் சூடு இறங்கிவிடுமாம். ஆன்லைனில் சின்ன ஊசிக்குழலில் வந்தது. பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் பலமாக அழுத்திவிட்டார் போல. ஒரு சொட்டு தரையில் தெறித்து, பளபளவென்று உருண்டு நின்றது.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்ததோ சந்தோஷம்... பாதரசம்!

டவுணில் எட்டாவது படித்தபோது எங்கள் சயன்ஸ் சார் ஒரு பாட்டிலில் பாதரசம் வைத்திருந்தார். வருஷத்தில் ஒரு நாள் எங்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு சொட்டு உள்ளங்கையில் ஊற்றுவார். "ஏட்டி, பைய நீட்டு கைய. இத்தினிக்கூண்டு சொட்டு, என்னா கனம் கனக்குதுன்னு பாரு."

திருப்பிக் கொடுக்க மனசே வராது. மணி அடித்ததும் அதே கையால் டிபன் டப்பாவைத் திறப்போம். அது விஷம் என்று யார் கண்டது? அந்த சாரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இந்த நினைப்பில் நின்றவள் குனிந்து பார்த்தால் — சொட்டைக் காணோம். தவழ்ந்து வந்த பேத்தி மீனு அங்கே உட்கார்ந்திருக்கிறாள். விரலெல்லாம் சாம்பல் நிறம். விரல் வாய்க்குப் பக்கத்தில்.

வாரித் தூக்கிக்கொண்டு ஓடினேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நம்மை நம்பி விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிற மகள் முகத்தில் எப்படி முழிப்பேன்? டாக்டருக்குப் போன் போட்டு, பாதரசம் பாதரசம் என்று புலம்பினேன்.

"அது எது மாதிரி இருக்குன்னுதான் சொல்லுதீங்க. அது வந்த அட்டையில என்ன எழுதிருக்கு?" என்றார் அவர்.

கணவர் கண்ணாடியைத் தேடிப் படித்தார். கேலியம், இண்டியம், வெள்ளீயம். பாதரசம் இல்லை. எதற்கும் குழந்தையைக் கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். இவரோ, டாக்டரிடம் காட்ட வேண்டுமென்று மிச்சத்தை ஒரு டப்பாவில் பிதுக்கி எடுத்து வந்தார்.

டாக்டர் வாய், கை எல்லாம் பார்த்தார். வாய்க்குள் எதுவும் இல்லை. இது பாதரசம் மாதிரி ஆவியாகி நெஞ்சுக்குள் போகாது, ஆனாலும் தோலில் படக்கூடாது, விழுங்கவே கூடாது, கையுறை போட்டு, பிள்ளை இல்லாத இடத்தில் செய்யுங்கள் என்று இவரைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் அந்த டப்பா அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. அலுமினியத்தில் படக்கூடாது என்று அதே அட்டையில் போட்டிருக்கிறது. டப்பா? நான் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோன அலுமினிய டப்பா. வருத்தம்தான். போகட்டும், பிள்ளைக்கு வந்தது டப்பாவோடு போயிற்று.

ஆனால் ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. எங்களுக்கு அது வருஷத்தில் ஒரு நாள் விளையாட்டு. சார் எல்லா வகுப்புக்கும், எல்லா வருஷமும், வெறும் கையால் அதை அள்ளினார். மீனுவின் விரலை நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்...

சார் கையை யார் கழுவிவிட்டார்கள்?