சுரண்டிய எண்கள்

மெழுகு உருகி வழிந்ததும், கரிந்துபோன டிரான்சிஸ்டர் வெளியே தெரிந்தது. சம்சுல் ஆலம் அதைக் கண்ணுக்கருகே பிடித்து, அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தேடினார். இல்லை. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் அவரே உப்புத்தாளால் தேய்த்தது.

அப்போது கொடைக்கானல் பஜாருக்குப் பின்னால் இரண்டு அறைகளில் அவர் கேபிள் டி.வி. பூஸ்டர் செய்துகொண்டிருந்தார். கீழே சமவெளியிலிருந்து வரும் பூஸ்டர்கள் பனிமூட்டத்தில் ஈரம் இறங்கி மூன்றே மாதத்தில் சாகும். அவருடையவை சாகவில்லை. உள்ளே மெழுகு ஊற்றி அடைத்திருப்பார். மேல்மலைக் கிராமங்களில் மரத்துக்கு மரம் அவர் பெட்டிதான் தொங்கியது.

சர்க்யூட் போட்டவர் கூட்டாளி சுப்புராஜ். எவனும் பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாதென்று பாகங்களின் எண்களைச் சுரண்டச் சொன்னவர் சம்சுல் ஆலம். எழுதி வைத்தால் திருடுபோகும் என்று எழுதவும் விடவில்லை. எண்கள் சுப்புராஜின் தலையில் மட்டும் இருந்தன.

ஒருநாள் ஒட்டன்சத்திரத்துக் கடையில் அச்சு அசலாக அதே பெட்டி விற்பனைக்கு வந்தது.

"ஒந் தலையில இருந்தது அங்க எப்படிப் போச்சு சுப்பு?" என்று சம்சுல் ஆலம் வேலையாட்கள் முன்னால் கேட்டுவிட்டார்.

சுப்புராஜ் சால்டரிங் அயர்னின் வயரைச் சுற்றி வைத்துவிட்டு வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினார். ஒரு வருடம் கழித்துத்தான் சம்சுல் ஆலம் அந்தப் போலிப் பெட்டியை வாங்கித் திறந்தார். உள்ளே வேறு சர்க்யூட். வெளித் தகரம் மட்டும்தான் ஒன்றுபோல இருந்தது. தப்பு தன்மேல்தான் என்று சுப்புராஜுக்கு ஆள் விட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார். நினைப்போடு சரி. சுப்புராஜ் போனபின், எண்கள் தெரியாமல் புதுப் பெட்டி எதுவும் செய்ய முடியவில்லை. பழசைப் பிய்த்துப் பழசுக்கே போட்டு ஓட்டினார். பிய்க்க இருந்த கடைசிப் பெட்டியும் போன மழையில் தீர்ந்தது.

இன்று பூம்பாறையில் மட்டும்தான் அவர் பெட்டிகள் ஓடுகின்றன. அந்த ஊர் ஆபரேட்டர் திருமலைச்சாமி வெள்ளனே வந்து, இந்தக் கரிந்த பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"நாளைக்குள்ள ஓடலைன்னா ஃபைபருக்கு மாத்திருவேன் பாய். எங்க சனம் பூண்டு வெல கேக்காமக்கூட இருந்துரும். சீரியல் இல்லாம இருக்காது."

மனைவி ரஹ்மத் பீவி போனை எடுத்து முன்னால் வைத்தாள். "சுப்புராஜ் அண்ணன்கிட்ட கேளுங்களேன். என்ன, கடிச்சா வச்சிருவாரு?"

முதல் மணியிலேயே எடுத்தார் சுப்புராஜ்.

"பூஸ்டர் ஒண்ணு போயிருச்சு சுப்பு. நம்பர் தெரியல."

"சிக்னல் உள்ள வர்ற பக்கமா பாய், வெளிய போற பக்கமா?"

"வெளிய போற பக்கம்."

சுப்புராஜ் யோசிக்கவே இல்லை; எண்ணைச் சொன்னார். "ஆனா அது இப்ப வர்றதில்லயே. எங்கிட்ட ஒரு டப்பா நெறையக் கெடந்துச்சு. நீங்க கேப்பீங்கன்னு ரொம்ப நாளு வச்சிருந்தேன். வீடு மாத்தயில காயலான் கடையில போட்டுட்டேன்."

சம்சுல் ஆலம் சொல்ல வேண்டியது நாக்கு வரை வந்தது.

"அங்க மழையா?" என்றார்.

"இல்ல பாய். வெயிலுதான்."

சுப்புராஜ்தான் போனை வைத்தார்.

மறுநாள் எட்டரை மணி பஸ்ஸில் சம்சுல் ஆலம் பூம்பாறைக்குப் போனார். இனி ஆகாது என்று திருமலைச்சாமியிடம் சொன்னார். பத்து மணிக்கு ஃபைபர்காரர்கள் ஏணியுடன் வந்தார்கள். மதியத்துக்குள் மரங்களில் மிச்சமிருந்த பதினொரு பெட்டிகளையும் கழற்றிச் சாக்கில் போட்டார்கள். திருமலைச்சாமி டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பி வர ஏறிய இரண்டு மணி பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது.