ஸ்டிக்கர் இல்லாத அப்பிள்

"பழத்தை மூக்கால வாங்கோணும், மனுசரை…" என்று எங்கள் பெரியப்பா ஏதோ சொல்லுவார். மனுசரை எதால் வாங்கவேணும் என்பது மறந்துபோயிற்று. கொட்டாஞ்சேனை வீட்டில் அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் பழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் விழா ஒழுங்கு செய்கிறவனும் கலியாண வீட்டில் பந்தலுக்கு வயர் இழுக்கிறவனும் ஒன்று. எல்லாம் சரியாக நடந்தால் ஒருவருக்கும் எங்களைத் தெரியாது. லைற் ஒன்று அணைந்தால் ஊருக்கே தெரியும். நீங்களும் ஒரு பரிசளிப்பு விழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ கதிரை எண்ணியவர் என்றால் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. என் தலையில் விழுந்தது உள்ளூர் அப்பிள் விழா. மூன்று வருஷத்துக்கு முன் லண்டனிலிருந்து திரும்பி வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிற ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். பாடத்திட்டம் வெளிநாட்டுடையது. நாலாம் வகுப்புப் புத்தகத்தில் 'எங்கள் ஊர் அறுவடை' என்று ஒரு பாடம். பக்கம் முழுக்கச் சிவப்பு அப்பிள்.

"மாம்பழ விழா வைப்பம் மிஸ். இல்லாட்டி ரம்புட்டான்" என்றேன்.

பிரின்சிபல் வசந்தி மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினா. "சேர், புத்தகத்தில அப்பிள் எண்டுதானே கிடக்கு. ரம்புட்டானை நாங்கள் வீட்டில சாப்பிடுவம்."

ஆருக்குச் சுகமில்லை?

பிள்ளைகள் ஆளுக்கொரு அப்பிள் கொண்டுவரட்டும் என்று பெற்றோருக்குத் தகவல் அனுப்பினேன். நான் செய்த முதல் பிழை அது. அரைமணித்தியாலத்துக்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது.

கொழும்பில் எங்கள் ஆட்கள் அப்பிள் வாங்குவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு: ஆஸ்பத்திரி. நாலு அப்பிள், ஒரு கொத்து முந்திரிகை, ஒரு மோல்ற் போத்தல் என்று ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் கட்டில் தலைமாட்டில் வைத்தால்தான் நோயாளி நோயாளியாவார். வெளிநாட்டில் இருந்த காலத்தில் எனக்கு இது மறந்துபோயிருந்தது. ஒரு தகப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சேர், மறைக்காமல் சொல்லுங்கோ. ஒப்பரேசன் வசந்தி மிஸ்ஸுக்கோ?"

ஊதாத்தாள்

சிரிப்பு வந்தது. பிறகு பழைய கொட்டாஞ்சேனையும் வந்தது. பெரியப்பா துறைமுகத்தில் கிளார்க். நத்தார் நெருங்கும் டிசம்பரில் ஒரு நாள் சேர்ட்டுப் பை இரண்டும் புடைத்துக்கொண்டு படியேறுவார். பைக்கு ஒன்றாக இரண்டு அப்பிள், ஊதா நிறத்து மெல்லிய தாளில் சுற்றியபடி. உடனே வெட்டமாட்டோம். பெரியம்மா அதை அலுமாரிக்குள் சாறிகளுக்கு நடுவில் வைப்பா. இரண்டு நாளைக்கு வீடு முழுக்க அந்த வாசம். நாங்கள் அலுமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்போம். தாளை நீவி எடுத்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன். கணக்கு வராவிட்டாலும் புத்தகம் மணக்கும்.

வெட்டும் நாளில் மாடியில் இருந்த எல்லா வீட்டுக்கும் ஒவ்வொரு கீற்றுப் போகும். கீற்று என்றால் மறுபக்கம் தெரிகிற கீற்று. பக்கத்து வீட்டு ரோசி அக்கா அதை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பா. "ஆருக்கும் சுகமில்லையோ, இல்லாட்டி ஐயாவுக்குச் சம்பளம் கூடிற்றோ?"

கழட்டினால் சரி

பெற்றோரை நம்பிப் பயனில்லை என்று நானே புறக்கோட்டைக்குப் போனேன். பழக்கடை வரிசையில் ஒரு முஸ்லிம் நானாவிடம், "உள்ளூர் அப்பிள் இருக்கா?" என்று கேட்டேன். அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் என்னை அன்பாகப் பார்த்தார்கள்.

ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். பளபளவென்று மெழுகு பூசிய சிவப்பு. ஒரு வாசமும் இல்லை. பெட்டி மணத்தது, பழம் மணக்கவில்லை. ஒவ்வொன்றின் கன்னத்திலும் ஏதோ ஒரு நாட்டின் பெயரோடு வட்ட ஸ்டிக்கர். இது உள்ளூர் இல்லையே என்று நான் இழுக்க, நானா நகத்தால் ஒரு ஸ்டிக்கரை உரித்துத் தன் கல்லாப்பெட்டியில் ஒட்டிவிட்டுச் சிரித்தார்: "ஸ்டிக்கர கழட்டினா எல்லாம் நம்மட நாட்டு சாமான்தான் சேர்."

அவர் பகிடிக்குச் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் போய் அதைப் பகிடியாகவே சொன்னேன். வசந்தி மிஸ் சிரிக்கவில்லை, யோசித்தா.

பெயர் போடாத உபயம்

காலி வீதிச் சாறிக்கடையொன்றில் வேலை செய்யும் செல்வி என்ற தாய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தார். கடைச் சீருடைச் சாறி, கையில் பணப்பை. மகள் தாரணி எங்கள் நாலாம் வகுப்பு. தகப்பன் கட்டாரில். தாயும் மகளும் கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்து இருக்கிறார்கள்.

"சேர், உள்ளூர் அப்பிளுன்னு கேட்டீங்களாமே. எங்க அப்பா வச்ச மரம் இருக்குங்க. நுவரெலியாப் பக்கம், தேயிலைத் தோட்டத்துல. நாங்க இருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால மரக்கறிப் பாத்தி ஓரமா நிக்குது. பழம் சின்னதுதான்."

நான் கதிரையை விட்டே எழுந்துவிட்டேன். "சின்னதெண்டால் என்ன! அனுப்பச் சொல்லுங்கோ. தாரணியின்ரை பெயரில பெரிசா ஒரு உபய மட்டை போடுவம்."

எங்கள் ஆட்களுக்கு உபயம் என்றால் பெயர் இருக்கவேணும். கோயிலுக்கு ரியூப் லைற் கொடுத்தாலும் வெளிச்சம் பாதி, பெயர் பாதி. பள்ளிக்கூட விழாவிலும் அதுதான் வழக்கம்: மேசையில் மட்டை, மைக்கில் அறிவித்தல், பிறகு கைதட்டல். செல்விக்கு முகம் மாறிவிட்டது. மகள் வகுப்பில் தான் கொட்டாஞ்சேனைப் பிள்ளை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாளாம். போன வருஷம் தோட்டத்திலிருந்து வந்த இன்னொரு பிள்ளையை எல்லோரும் தேயிலை பறிக்கிற ஆட்கள் என்று பழித்து 'கொழுந்து, கொழுந்து' என்று கூப்பிட்டு, அந்தப் பிள்ளை வேறு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டதாம்.

"அப்ப பழம் வேண்டாம், விடுங்கோ" என்றேன்.

அவர் பணப்பையைத் திருகிக்கொண்டு நின்றார். "அப்பாகிட்ட சொல்லிட்டேங்க. பேத்தி ஸ்கூல்ல நம்ம பழத்தை வைக்கிறாங்கன்னு அவரு லயம் பூராவும் சொல்லியாச்சு. பழம் வரட்டும் சேர், பேர் மட்டும் வேணாம்."

என்னை மேடையேற்றிய அப்பிள்

இங்கே ஒரு பழைய கதை சொல்லவேணும். பதினைந்து வயதில் நான் லண்டன் போய்ச் சேர்ந்த முதல் இலையுதிர் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்பிள் விழா வைத்தார்கள். எல்லோரும் வீட்டுப் பின்வளவில் காய்த்ததைக் கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். நாங்கள் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். பின்வளவு என்றால் கடைக்காரரின் குப்பைவாளி. நான் கையை வீசிக்கொண்டு போயிருந்தேன். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. கூட்டத்தோடு நின்று ஒரு அப்பிளைக் கடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தேன்.

மிகவும் நல்ல ரீச்சர் அவ. என்னை மேடைக்குக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, சண்டை நடக்கும் நாட்டிலிருந்து வந்த பிள்ளை என்று மைக்கில் சொன்னா. எல்லோரும் கைதட்டினார்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். அதுவும் யாரோ கொடுத்த சப்பாத்து. வீட்டுக்குப் போகும்போது இரண்டு பை நிறைய அப்பிள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குப் பழத்தின் ருசி ஞாபகமில்லை. ரீச்சர் சொன்னதை அவவின் ஆங்கிலத்திலேயே இன்றைக்கும் சொல்லுவேன், தமிழில் அது இப்படி வரும்: "பாவம், இவன் அப்பிள் மரத்தையே கண்டதில்லை, எல்லாரும் இவனுக்கு ஆளுக்கொன்று கொடுங்கள்."

உரபேக்

மலைநாட்டிலிருந்து எதையும் கொழும்புக்கு அனுப்ப ஒரே வழி பஸ் கொண்டக்டர். ஆளிடம் சாமானைக் கொடுத்து, பஸ் நம்பரைத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் போதும். விழாவுக்கு முதல் நாள் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் காத்து நின்றேன். என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு உரபேக், பசளை வந்த பழைய சாக்கு, வாய் சணலால் கட்டியிருந்தது. கட்டை அவிழ்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. கொட்டாஞ்சேனை அலுமாரியைத் திறந்த மாதிரி. டீசல் புகைக்கும் கருவாட்டுக்கும் நடுவில் நின்று நான் ஒரு சாக்கை முகர்ந்துகொண்டிருந்தேன்.

உள்ளே பச்சையும் மஞ்சளுமாக, எலுமிச்சையைவிடச் சற்றே பெரிய காய்கள். சிலதில் கறுப்புப் புள்ளி, சிலதில் குருவி கொத்திய தழும்பு. கொண்டக்டர் சிங்கள இளைஞர். என்னிடம் பாதிச் சாக்கை விலை பேசியும் பார்த்தார். நான் மறுத்ததும் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "ஹரிம சுவந்தய் மாத்தயா! பஸ் முழுக்க வாசம், நானுஓயாவில இருந்து ஒருத்தனும் தூங்க இல்ல."

வசந்தி மிஸ் சாக்கைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. "சேர், இது ஃபோட்டோவுக்கு வராது."

பொட்டு

ஆகவே புறக்கோட்டைச் சிவப்பும் வந்தது. நடுமேசைக்குச் சிவப்பு, மூலைமேசைக்குச் சாக்கில் வந்தது என்று ஒரு சமாதானம் செய்துகொண்டோம். நடுமேசையில் 'எங்கள் ஊர் அறுவடை' என்ற பதாகை. விழாவன்று காலை மூன்று ரீச்சர்மார் சுற்றியிருந்து ஸ்டிக்கர் உரித்தார்கள், மீன் செதில் கழற்றுவது போல. நானாவின் பகிடி பள்ளிக்கூடச் சட்டமாகிவிட்டது.

உரித்த ஸ்டிக்கர்களை எங்கே போடுவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பாலர் வகுப்புப் பிள்ளைகள் யோசித்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நின்றபோது முன்வரிசை முழுவதும் நெற்றியில் வட்டப் பொட்டு. ஒவ்வொரு பொட்டிலும் ஒரு வெளிநாடு. விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் குனிந்து ஒரு பிள்ளையின் நெற்றியை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "இந்தப் பிள்ளை இறக்குமதி போல கிடக்கு."

உப்புத்தூள்

மூலைமேசையில் உபய மட்டை வெறுமையாக நின்றது. நான் ஒன்றும் எழுதவில்லை. கீற்றுக் கீற்றாக வெட்டித் தட்டுகளில் வைத்திருந்தோம். செல்வி கடையில் ஒரு மணித்தியாலம் லீவு கேட்டு வந்து, கடைசித் தூணோடு ஒட்டி நின்றார். தாரணி தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

சஞ்சய் என்று ஒருவன், வகுப்பின் வாய் அவன்தான், முதல் கீற்றைக் கடித்தான். முகம் முழுக்கச் சுருங்கியது. "ஐயோ புளி! ஆற்றை சாமான் இது? குப்பையில போடுங்கடா!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு பேர் துப்பினார்கள். செல்வி குனிந்து சாறித் தலைப்பில் ஏதோ நூலைத் தேடினார். நான் மேசையை மூடிவிடலாமா என்று யோசித்தேன். கிழவருக்கு மகள் தொலைபேசியில் என்ன சொல்லப்போகிறார் என்பதும் மனதில் ஓடியது.

தாரணியைக் காணவில்லை. பார்த்தால் கன்ரீன் யன்னலில் நிற்கிறாள். கடதாசித் தட்டொன்றில் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்துகொண்டு வந்தாள். ஒரு கீற்றை அதில் பிரட்டிச் சஞ்சயின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மாங்காய சும்மாவா திம்ப? விரலி சும்மாவா திம்ப? இந்தா."

காலிமுகத் திடலில் மாங்காயோ புளிப்பு விரலிக்காயோ வாங்கி உப்புத்தூள் போட்டுத் தின்னாத பிள்ளை கொழும்பில் இல்லை. சஞ்சய் வாங்கினான். மென்றான். இன்னொன்றுக்குக் கை நீட்டினான். துப்பிய இருவரும் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நடுமேசையில் சிவப்புப் பழங்கள் ஒரு கடியோடு கிடக்க, மூலைமேசைக்கு வரிசை வாசல்வரை போயிற்று.

"உனக்கெப்பிடித் தெரியும் இப்பிடித் தின்னோணும் எண்டு?" என்றான் சஞ்சய்.

"எங்க தாத்தா மரம். எனக்குத் தெரியாம?" வாய் முந்திவிட்டது. தூள் தூவிய கை அப்படியே நின்றது.

"தாத்தாவோ? கொட்டாஞ்சேனையிலயோ?"

அவள் தூணடியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "இல்ல. தோட்டத்துல. நான் அங்கதான் பொறந்தேன்."

வரிசை முழுதும் கேட்டுக்கொண்டிருந்தது. சஞ்சய்க்கு வாய் நிறைய அப்பிள். மூக்கால் நீர் வழிந்தது. அவன் மென்று விழுங்கிவிட்டுக் கேட்டான்: "இன்னும் சாக்கில இருக்கோ?"

மைக்

வசந்தி மிஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டா. கண் கலங்கி ஓடிவந்து என் கையில் மைக்கைத் திணித்தா. நல்ல மனுசி, நான் ஒருநாளும் வேறு மாதிரிச் சொல்லமாட்டேன். "சேர், உடனே சொல்லுங்கோ! தோட்டத்துப் பிள்ளை, தாத்தா, மரம். அவளை மேடைக்குக் கூப்பிடுங்கோ, எல்லாரும் கைதட்டுவினம். வீடியோவும் ஓடுது."

மைக் உயிரோடு இருந்தது. என் மூச்சு மண்டபமெல்லாம் கேட்டது. தாரணி சஞ்சயோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள், ஒரு ஆளுக்கு இரண்டு கீற்றுத்தான் என்று. பெரியப்பாவின் வாசகத்தின் மிச்சம் அப்போதும் ஞாபகம் வரவில்லை.

மைக்கை அணைத்து வெறும் உபய மட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, உப்புத்தூள் வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.