‘தப்பு எங்களோடது’ என்று சொன்ன குணா அண்ணன்

புக்கிட் பெருவாங் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது குணா அண்ணனின் மனைவி வசந்தி அக்கா அழைத்தார். “அண்ணன் போயிட்டாரு, மீனா. இந்தத் தடவ ஆஸ்பத்திரிக்கு அலைய விடல. நிம்மதியா போயிட்டாரு.” சிறுநீரகக் கோளாறில் குணா அண்ணன் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அழுகைக்கு முன்னால் எனக்கு ஏன் பெருமூச்சு வந்தது என்று.

கடலோர மீன்பிடி அலுவலகத்தில் அவரும் நானும் பல வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. படகுகளைப் போய்ப் பார்ப்பது அவர் வேலை, பார்த்ததை அறிக்கையாக எழுதித் தலைமையகத்துக்கு அனுப்புவது என் வேலை. எத்தனை படகு, எவ்வளவு பெரிய இஞ்சின், இருக்கிற மீனுக்கு இது தாங்குமா என்று ஆண்டுதோறும் நாங்கள் சொல்ல வேண்டும். ஆனால் குணா அண்ணன் தோட்டத்துப் பிள்ளை. ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். கட்டிப்போட்ட படகில் கால் வைத்தாலே அவருக்குக் குமட்டும். கிண்டல் செய்தால், “அலைக்கு என்னைப் பிடிக்கல மா, எனக்கும் அதைப் பிடிக்கல. அதுக்காக வேலைய விட முடியுமா லா?” என்பார்.

ஓர் ஆண்டு நோன்புப் பெருநாளுக்குத் தங்கா பத்துவில் பாக்சிக் மான் வீட்டில் யார் வந்தாலும் விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போயிருந்தோம். பாக்சிக் என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் அவர் அந்தக் கரையின் மூத்த மீனவர். பலகாரத்தைக் கண்டால் குணா அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி மறந்துவிடும். நாற்காலியை இழுத்துப் போட்டு மேசையோடு ஒட்டி உட்கார்ந்தவர், “அம்மா!” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பூப்போட்ட மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே உரிமத்தில் இல்லாத பெரிய படகு இஞ்சின் ஒன்று. சில நாட்களுக்கு முன்புதான் பாக்சிக்கின் படகில் சின்ன இஞ்சினைப் பார்த்து அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பாக்சிக்கின் முகம் வெளிறிவிட்டது. குணா அண்ணன் விரிப்பை மெதுவாக இறக்கிவிட்டு, “கூவே நல்லா இருக்கு, பாக்சிக்” என்று இன்னொரு பலகாரத்தை எடுத்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பார்த்த படகிலெல்லாம் சின்ன இஞ்சினில் ஒரே கீறல் இருந்ததை நினைவுபடுத்தினார். கரை முழுக்க ஒரே சின்ன இஞ்சின்தான் சோதனை நாளில் படகுக்குப் படகு கைமாறியிருக்கிறது என்பது அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. “அவங்களத் திட்டாத, மீனா. நாமதானே தேதி குறிச்சு வாட்சாப்புல சொல்லிட்டுப் போனோம்? பொண்ணு பாக்க வர்றோம்னு சொன்னா, யாரு வீட்டைக் கூட்டாம வெப்பாங்க?” என்றார்.

சிரிப்பு அடங்கியதும்தான் சிக்கல் உறைத்தது. சின்ன இஞ்சின் கணக்கை வைத்து, ‘கடல் தாங்கும்’ என்று எழுதிய எங்கள் அறிக்கை தயாராக இருந்தது. அதை நம்பிப் புதிய படகுகளுக்கு உரிமம் கொடுக்கப் போகிறார்கள். அப்படிக் கொடுத்தால் குறைந்துகொண்டு வரும் மீனும் போய்விடும். உண்மையைச் சொன்னாலோ பாக்சிக் மானின் உரிமம் போய்விடும். இங்கே போனால் கிணறு, அங்கே போனால் பள்ளம்.

மறுநாள் குணா அண்ணன் மேலதிகாரியின் அறைக்குப் போய், அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். “அப்படின்னா இத்தனை வருஷம் நாம பொய் சொன்னோமா, குணா?” என்று அவர் மலாயில் சீறியது வெளியே எனக்குக் கேட்டது.

“பொய் இல்ல, துவான். பாக்காததப் பாத்ததா எழுதினோம். அது நம்ம தப்பு. நாமதான் சொல்லணும்.”

அடுத்த மீனவர் கூட்டத்துக்கு அந்த மேலதிகாரியும் வேண்டாவெறுப்பாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். குணா அண்ணன் எழுந்து, எங்கள் கணக்கு தவறு என்று மலாயில் சொன்னார். “தப்பு எங்களோடது. தேதி சொல்லிட்டு வந்தது நாங்க. யாரு என்ன இஞ்சின் வெச்சிருக்கீங்கன்னு நீங்களே சொன்னா, சரியான கணக்கு மேல போகும். யாரு உரிமத்தையும் பறிக்கக் கூடாதுன்னு துவான்கிட்ட உங்க முன்னாடியே கேட்டுக்கறேன்.” மேலதிகாரி கழுத்தைத் துடைத்தார், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார், கடைசியில் தலையாட்டினார். முதலில் எழுந்தவர் பாக்சிக் மான். “என்னோடது பெரிசு, என்சே” என்றார் குணா அண்ணனைப் பார்த்து. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

திருத்திய அறிக்கை போனது. தண்டனையாக இடமாற்றம் வரும் என்று வசந்தி அக்கா புக்கிட் காத்தில் வீட்டில் பாத்திரங்களைக்கூடப் பெட்டியில் கட்டத் தொடங்கிவிட்டார். வந்தது ஒரு சுற்றறிக்கை. மறு உத்தரவு வரும்வரை புதிய உரிமம் இல்லை, உண்மை சொன்னவர்கள் மீது நடவடிக்கை இல்லை, இனி எல்லா அலுவலகமும் சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்றது. குணா அண்ணன் இரண்டு முறை படித்துவிட்டு, “அட, இவ்வளவுதானா? இதுக்கா சோறு எறங்காம கெடந்தேன்?” என்றார். அன்று அவர் குடித்த இனிப்பான தே தாரிக் டீயை நான் தடுக்கவில்லை.

பாக்சிக் மான் இன்றும் கடலுக்குப் போகிறார். சுடுகாட்டில் குணா அண்ணனுக்குக் கொள்ளி வைத்த வசந்தி அக்காவின் தம்பிக்குப் பக்கத்தில் கடைசிவரை நின்றார்.

சென்ற வாரம் இந்த ஆண்டு அறிக்கையை எழுதினேன். தொடர் மழையால் கரையின் ஒரு பகுதிக்கு எங்களால் போக முடியவில்லை. அந்த இடத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதினேன். புதிய மேலதிகாரி இளைஞர். “போன வருஷக் கணக்கையே போட்டுடலாமே, அக்கா. நம்ம குறைய நாமே சொல்லணுமா?” என்றார். “சொல்லணும், துவான்” என்றேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

‘பார்க்கவில்லை.’ குணா அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தச் சொல்லைத்தான். அதை எழுதும்போது எனக்கு இப்போது பயமாக இல்லை.