டீசல் வாடை ஆகாதவர்

அவரை எல்லோரும் மூக்கு மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பேக்கரியில் ரொட்டி வெந்துவிட்டதா என்று பார்க்க மற்றவர்கள் அடுப்பைத் திறப்பார்கள். அவர் மாவு பிசைந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "எடுத்துடுங்கப்பா" என்பார். எடுத்தால் கச்சிதமாகப் பொன்னிறத்தில் இருக்கும். நாளைக்குக் கெடப்போகிற வெண்ணெயை மாஸ்டர் இன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடுவார் என்று கடையில் கேலி செய்வார்கள். அதில் அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அவர் மனைவி வண்டிகளுக்குச் சீட் கவர் தைப்பவள். வீட்டின் முன்னறைதான் அவள் பட்டறை. ஒரே மகளும் கல்யாணமாகிப் போன பிறகு, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கி, கால்போன போக்கில் சுற்ற வேண்டும் என்று இருவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசையில் ஒற்றுமை இருந்தது. எஞ்சினில்தான் தகராறு.

"டீசல்தாங்க," என்றாள் அவள். லாரிக்காரர்களுக்குத் தைத்துத் தைத்து அந்தச் சமாச்சாரமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "அவ்வளவு சாமானையும் ஏத்திக்கிட்டு மேட்டுல போகணும்னா டீசல்தான் இழுக்கும். பெட்ரோல் வண்டி குடிகாரன் மாதிரி குடிக்கும்."

"பழைய டீசல் வண்டில பம்ப் போச்சுன்னா வீட்டையே எழுதிக் குடுன்னு கேப்பாங்க. அதை விடு. டீசல் வாடை என் மூக்குக்கு ஆகுமா? அதுக்குள்ளயேதான படுத்துத் தூங்கணும்?"

அந்த மூக்கோடு யார் வாதாடி ஜெயிப்பது? அவள் விட்டுக்கொடுத்தாள்.

மெக்கானிக்காக இருக்கும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு, பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்குப் போனார்கள். வெட்டவெளி, மண்டையைப் பிளக்கும் வெயில். மூலையில் இரண்டு கேம்பர் வேன்கள் நின்றன. வெள்ளை பெட்ரோல், நீலம் டீசல்.

"மாமா, எதுக்கும் டீசலையும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடறேன்," என்று தம்பி விற்பவரோடு நீல வண்டிப் பக்கம் போனான். மாஸ்டர் வெள்ளை வண்டியில் ஏறினார். அவள் வெளியில் நின்று, டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாள்.

"இங்க வந்து பாரேன்! அடுப்புகூட புத்தம் புதுசா இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

படியில் கால் வைத்துக் கதவைத் திறந்தாள். பெட்ரோல் நெடி முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்துக்கொண்டது. உள்ளே அவர் சாவகாசமாக அடுப்பின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் தீப்பெட்டி, மறு கையில் குச்சி.

"எரியுதான்னு பாத்துடலாம்," என்றார் சிரித்துக்கொண்டே.

அவளுக்குக் கத்தக்கூடக் குரல் வரவில்லை. ஒரே தாவலில் அவர் கையைத் தட்டிவிட்டு, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் படியிலிருந்து உருண்டு ஜல்லிக்கல்லில் விழுந்தார்கள்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் அவர், முழங்கையைத் தடவிக்கொண்டே.

தம்பி ஓடி வந்தான். கதவருகே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். கட்டிலுக்கு அடியில் பெட்ரோல் குழாய் வெடித்துக் கசிந்து, தரை விரிப்பு முழுக்க ஊறிப்போயிருந்தது. நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது என்று விற்பவர் சத்தியம் செய்தார்.

தம்பி மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தான். "மாமா, இந்த நாத்தம் உங்களுக்குத் தெரியலையா?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் தரையைப் பார்த்துச் சொன்னார். "மழைக்காலத்துல காய்ச்சல் வந்துச்சுல்ல? அதுக்கப்புறம் எனக்கு எதுவுமே மணக்கறதில்ல."

செத்துப் பிழைத்த திகில் ஒரு பக்கம் இருக்க, இது வேறு. போன மாதம் புது சோப்பு வாங்கியபோது 'வாசனை அபாரம்' என்றாரே? அடுப்பில் பால் தீய்ந்து புகைந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தாரே, ஏதோ கோபம் என்றல்லவா அவள் நினைத்தாள்? டீசல் வாடை ஆகாது என்று வாய் கூசாமல் சொன்னாரே!

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

"மூக்கு மாஸ்டருக்கு மூக்கு போச்சுன்னா ஊரே சிரிக்காதா? வேலையில வெச்சிருப்பாங்களா? வந்துடும் வந்துடும்னு பாத்தேன்."

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மோப்பம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அந்த வாரமே நீல வண்டியை வாங்கினார்கள். இழுவை, மைலேஜ், பம்ப் என்று ஒரு பேச்சும் எழவில்லை.

ஒருநாள் அவள் நீல வண்டிக்குக் கவர் தைத்துக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் பேக்கரியிலிருந்து வந்து தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

"வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லிட்டாரா?"

"இல்ல. 'எப்பவோ தெரியும்யா'ங்கறாரு. கெட்டுப்போன வெண்ணெயை மோந்து பாத்து நல்லாருக்குன்னு நான் சொன்ன அன்னிக்கே தெரியுமாம். கடையில எல்லாருக்கும் தெரியுமாம். என் மனசு கஷ்டப்படுமேன்னு, எனக்குத் தெரியாம அடுப்பை அவங்களே பாத்துக்கிட்டாங்களாம். நான் 'எடுத்துடுங்கப்பா'ன்னு சொல்லும்போது, அப்பதான் எடுக்கற மாதிரி காட்டிக்கிட்டாங்களாம்."

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். "அப்போ எனக்கு மட்டுந்தான் தெரியாதா?"

கூடப் படுத்து எழுந்தவளுக்குத் தெரியாதது கடை முழுக்கத் தெரிந்திருக்கிறது. அன்று இரவு வரை அவள் தையல் மெஷினை விட்டு எழவில்லை.

அடுத்த மாதம் கிளம்பினார்கள். டீசல் எஞ்சின் போட்ட இரைச்சலில் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. முதல் மேட்டில் ஏறும்போது அவள் கத்தினாள்: "இனிமே எது போனாலும் முதல்ல எங்கிட்ட சொல்லணும்! பல்லு போனாலும் சரி!"

"என்னது?"

"பல்லு!"

"அது ஏற்கெனவே ஒண்ணு ஆடிக்கிட்டு இருக்கு!" என்று அவரும் கத்தினார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பி அவர் வாயைப் பார்த்தாள்.