வெள்ளிக் கால்

என் நாத்தனார் டிவியில் வருகிற ஒரு பெண்ணுக்காக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவள். சிரிக்காதீர்கள். நான் அப்போது சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு, அழுகை இரண்டும் நின்றுபோய் வெகுநாள் ஆகியிருந்தது. மகளுக்கு இனிமேல் நடக்க வராது என்று தஞ்சாவூரில் டாக்டர் சொன்ன அன்றைக்கே எனக்கு எல்லாம் மரத்துப்போய்விட்டது. சமைப்பேன், துவைப்பேன், அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பேன். அவ்வளவுதான்.

அந்தத் தொடர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். எந்த நாட்டிலோ எடுத்து, தமிழில் பேசவைத்தது. மூன்று பிள்ளைகள். ஒருத்தி சக்கர நாற்காலியில், ஒருவனுக்குக் கண் தெரியாது, இன்னொருவனுக்குக் காது கேட்காது. மூன்று பேரும் சேர்ந்து திருடர்களைத் துரத்துவார்கள். நான் குறுக்கே போனால் போதும், "மறைக்காதம்மா!" என்று மகள் எரிந்து விழுவாள்.

ஒரு ஞாயிறு நாத்தனாரும் உட்கார்ந்து பார்த்தாள். நாற்காலிப் பெண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு கடைசில எழுந்து நடக்கும் பாருங்க அண்ணி. சாமி படத்துல எல்லாம் அப்படித்தானே? அது நடந்துட்டா நம்ம புள்ளையும் நடந்துரும்."

அதோடு விட்டாளா? அந்தப் பெண் நடந்தால் வெள்ளியில் கால் வாங்கி உண்டியலில் போடுவதாக மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள். கோயில் வாசலில் கண், கை, கால் என்று மெல்லிய தகட்டில் விற்பார்களே, அதுதான். நம்பிக்கை தாங்காமல் ஒரு ஜோடியை முன்கூட்டியே வாங்கிவந்து என் கையில் திணித்தாள். நான் அதை அரிசி டின்னில் போட்டேன்.

"அத்தை, அதுல நடிக்கிற அந்த அக்காவுக்கு நிஜமாவே நடக்க வராதாம்" என்று மகள் சொல்லிப் பார்த்தாள்.

"டிவில என்ன வேணாலும் வரவைப்பாங்க. நீ மொதல்ல வாயக் கழுவு."

அதிலிருந்து ஞாயிறு வந்தால் மகளுக்கு இட்லி இறங்காது. அந்தப் பெண் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்தாலே இவள் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். எழுந்துவிட வேண்டுமே என்று தவிக்கிறாள் என நினைத்தேன். பெற்றவளுக்குப் பாவம் என்றாவது தோன்றியிருக்க வேண்டும். எனக்கு அதுகூடத் தோன்றவில்லை.

கடைசி வாரம் வீடு கொள்ளாத கூட்டம். நடவுக்குப் போகவேண்டிய பெண்களையும் நாத்தனார் இழுத்துவந்திருந்தாள். கையில் சூடம் வேறு. திருடன் ஆற்றங்கரையில் ஓடுகிறான், அந்தப் பெண் நாற்காலியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறாள். சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டது.

"எழுந்திரு! எழுந்திருடி தாயி!" என்று மொத்த வீடும் கத்தியது.

அவள் எழுந்திருக்கவில்லை. கண் தெரியாத பையனைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டாள். அவன் தள்ள, இவள் வழி சொல்ல, திருடன் மாட்டினான். தொடர் முடிந்துவிட்டது.

"அட சீ! இதுக்கா வேலையக் கெடுத்துக்கிட்டு வந்தோம்?" நாத்தனார் சூடத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். மற்றவர்களும் முணுமுணுத்தபடி கிளம்பினார்கள்.

மகள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு இட்லி வைம்மா" என்றாள். வாய் நிறைய வைத்துக்கொண்டே சொன்னாள்: "நல்லவேளை, அந்த அக்கா எழுந்திருக்கல."

"ஏன்டி?"

"எழுந்திருந்தா நான் மட்டும்தானேம்மா உக்காந்திருப்பேன்."

நான் இட்லி வைத்தேன். மதியம் உலைக்கு அரிசி அள்ளும்போது அந்த வெள்ளிக் கால்கள் கையில் தட்டுப்பட்டன. டின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவளுக்குக் கேட்குமே என்றுகூடப் பார்க்காமல், ஓவென்று அழுதேன்.