ஓடில் பெர்ஷூவின் வியாழக்கிழமை மேசை

"ஓடில் பெர்ஷூ: லியோன் நகரின் க்ருவா-ரூஸ் மேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். எப்போதும் சிரித்த முகம். இவர் வீட்டுக் கதவு யாருக்கும் மூடியதில்லை. உள்ளூர்க்காரரைப் போல உண்டு வாழ விரும்பும் விருந்தினர்களை அன்போடு அரவணைப்பவர்."

ஒரு சுற்றுலா நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இப்படிப் போட்டிருந்தார்கள். இதில் பெயர் மட்டும் உண்மை. ஓடில் பிறந்தது லியோனுக்கு ஆகாத பக்கத்து ஊரான சேந்த்-எத்தியேனில். அந்த ஊர்க் கால்பந்துக் குழுவைப் பற்றி எங்கள் ஊரில் பேசுவதை அச்சில் போட முடியாது. வீட்டுக் கதவுக்கு மூன்று பூட்டு. சிரித்த முகம் என்பது, படம் எடுத்த அன்று வெயில் கண்ணில் அடித்ததால் வந்தது. பள்ளி உணவுக்கூடத்தில் பரிமாறி ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்த பிள்ளை கிடையாது.

அப்படிப்பட்டவர் அந்த இணையப் பக்கத்தில் இடம்பெற்றது ஒரு மேசைக்காக. வியாழன் காலை ஒன்பது மணிக்கு மிரெய் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ஜன்னலோர மேசை எங்களுடையது. ஓடில், டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஃபெர்னான், நான். வெங்காயத்தோடு வதக்கிய மாட்டுக் குடல், பன்றிக் கொழுப்பு வறுவல், ஒரு குப்பி சிவப்பு வைன். காலையிலேயே குடலா என்று கேட்பவர்கள் மதியம் வந்து வேறு எதையாவது சாப்பிட்டுக்கொள்ளலாம்.

ஒருநாள் மிரெய் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, காலையில பாதிக் கடை காத்தாடுது. ஒரு கம்பெனிக்காரங்க இந்த மேசையைக் கேக்கறாங்க. விருந்தாளிங்களோட உள்ளூர் ஆள் ஒருத்தர் உக்காந்து சாப்பிடணுமாம். நீங்க உக்காந்தா மேசை உங்ககிட்டயே இருக்கும். இல்லேன்னா அவங்களே யாரையாவது கொண்டாந்துடுவாங்க."

"உக்காந்து நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நீங்க நீங்களா இருங்க. ஆனா கொஞ்சம் கம்மியா இருங்க."

முதல் விருந்தினர்கள் தூர தேசத்தவராக இருந்திருந்தால் மொழி புரியாமல் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். வந்ததோ பாரிஸ் தம்பதி. ஃபெர்னானும் நானும் பக்கத்து மேசைக்கு ஒதுங்கினோம்.

"இங்க லேசா ஏதாவது கிடைக்குமா மேடம்? தயிர் மாதிரி?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இதுதான் லேசு" என்றார் ஓடில், வறுவலைக் காட்டி. மிரெய் தூரத்திலிருந்து கையைக் கூப்பினாள்.

"நீங்க ரொம்ப கலகலப்பா பேசுவீங்கன்னு போட்டிருந்துதே?"

ஓடில் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டார். அவர் பல்லைக் கடித்தாரா ரொட்டியைக் கடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும் மேசை எங்களுடையதாகத்தான் இருந்தது.

பிறகு சாலட் கிண்ணங்கள் வந்தன. மிரெய் கடையில் அவை மேசை மேசையாக நடக்கும். தட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தர வேண்டிய ஆள் அதுவரை உள்ளே வந்ததில்லை. பாரிஸ்காரர் ஹெர்ரிங் மீன் கிண்ணத்தை நிறுத்தினார். பருப்புக் கிண்ணத்தை நிறுத்தினார். கன்றுக்கால் கிண்ணத்தையும் நிறுத்தி, மூன்றையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்தார். நான்கு மேசைகளில் வெறும் தட்டோடு ஆட்கள் அவரையே பார்த்தார்கள். அவர் முள்கரண்டியை நேராகக் கிண்ணத்தில் விட்டு, மீனை எடுத்து வாயில் போட்டு, அதே கரண்டியை மறுபடியும் கிண்ணத்தில் விட்டார்.

ஓடில் அந்த முள்கரண்டியைப் பிடுங்கினார்.

"இது என்ன, மாட்டுத் தொட்டியா? எல்லாருக்கும் உள்ளது. உன் தட்டுல போட்டுக்கோ, அந்தப் பக்கம் தள்ளு."

"மேடம், நாங்க விருந்தாளிங்க..."

"விருந்தாளின்னா? கையை மடியில வெச்சிட்டு ஒழுங்கா உக்காரு. நீயும்தாம்மா. அந்தக் குடலை முடிக்காம யாரும் எந்திரிக்கக் கூடாது."

வேடிக்கை என்னவென்றால், இருவரும் முடித்தார்கள். முடித்துவிட்டுப் புகாரும் செய்தார்கள். நிறுவனம் ஓடிலின் படத்தை இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. மேசையை விடவில்லை.

"அக்கா, நான் என்ன செய்ய? வியாழன் இனி அவங்களோடது" என்றாள் மிரெய். அழுதுவிடுவாள் போலிருந்தது. ஓடில் வேறு நாளைக் கேட்கவில்லை. வியாழன் என்றால் வியாழன்தான்.

ஃபெர்னான் ஆற்றங்கரைக் கடை ஒன்றைச் சொன்னான்.

"அங்க குடல்ல தக்காளி போடுவான்" என்றார் ஓடில்.

"சந்தைக்குப் பின்னால ஒண்ணு இருக்கே?"

"அங்க பாட்டு வைப்பான். எனக்கு வேற கடை வேணாம். எனக்கு அந்த மேசை வேணும்."

மூன்று வாரம் ஓடில் கடை வாசல் வழியாகக்கூடப் போகவில்லை. ஆள் இளைத்தே போனார். நான்காவது வாரம் ஃபெர்னானின் செல்போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி இறக்கி, அதே இணையப் பக்கத்தில் மூன்று இடம் பதிவு செய்தார்.

"நம்ம மேசையில உக்கார நாமளே டிக்கெட் வாங்கணுமா?" என்று ஃபெர்னான் கொதித்தான்.

"நீ மட்டும் ஊர்க்காரன்னு யாரையாவது டிராம்ல சும்மா ஏத்தினியா?"

வியாழன் காலை போனோம். அதே ஜன்னல், அதே குப்பி. எங்களை வரவேற்ற உள்ளூர் ஆளின் பெயர் மனோன். நாந்த் நகரத்துப் பெண். போன வசந்தத்தில்தான் எங்கள் ஊருக்குக் குடிவந்தவள். நல்ல பிள்ளை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"குடலைப் பாத்துப் பயப்படாதீங்க மேடம். முதல்ல சின்னத் துண்டா எடுத்துக்கணும். கண்ணை மூடிக்கிட்டா சுலபம்."

ஃபெர்னான் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். மிரெய் கல்லாவில் குனிந்துகொண்டாள். ஓடிலின் கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. இன்னொரு புகார் போனால் காசு கொடுத்தும் அந்த மேசை கிடைக்காது.

"பழகிடும் மேடம்" என்றாள் மனோன். "எங்க ஊர் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

கடையே காத்திருந்தது.

"பிடிச்சிருக்கும்மா" என்றார் ஓடில்.

கண்ணை மூடிக்கொண்டு சின்னத் துண்டாக எடுத்தார். தட்டைக் காலி செய்தார். வெளியே வந்து, அடுத்த வியாழனுக்கும் மூன்று இடம் பதிவு செய்தார்.