பேசாத ஒரு மணி நேரம்

கல்யாணமாகிக் கோலார் தங்கவயலுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் ஒன்பது பேர். யாராவது ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார்கள். இங்கே நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் நானும் என் கணவரும் மட்டும். அவர் பூமிக்கடியில் பாறையில் துளை போடும் மெஷின்காரர்.

காலையில் கிளம்பும்வரை நன்றாகப் பேசுவார், நான் சொல்லும் ஊர்க்கதைகளுக்குச் சிரிப்பார். மதியம் மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தால் ஆளே வேறு. நேராகக் குளிக்கப் போவார். குளித்ததும் வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதிரே இருக்கும் சயனைடு மேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். பாறையை அரைத்து, சயனைடு கலந்து தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண்மேடு அது. பார்க்க அதில் ஒன்றும் இல்லை. நான் அடுப்படியிலிருந்து, "சாப்பாடு போடட்டுங்களா?" என்பேன். பதில் வராது. ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்து, "இன்னாமே, இன்னா கொழம்பு?" என்று சாதாரணமாகக் கேட்பார்.

முதலில் என் சமையல்தான் காரணம் என்று நினைத்தேன். காரத்தைக் குறைத்தேன், புளியைக் கூட்டினேன். எதை வைத்தாலும் தட்டைக் காலி செய்தார். மறுநாளும் அதே மௌனம். மனசில் வேறு யாராவது இருக்கிறார்களோ என்று ஒரு வாரம் தவித்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னபோது, "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு" என்றார். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். இருமல்தான் வந்தது.

பிறகு அழுகை நின்று, இது என்னதான் என்று பார்க்கிற ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கவனித்தேன். நாள் முழுக்கப் பேசினார். அடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட். விடிந்து வந்தவர் அதே படியில் அதே மாதிரி உட்கார்ந்தார். அப்படியென்றால் இது என்னால் இல்லை, சுரங்கத்திலிருந்து அவரோடு வருகிறது. அது என்னவென்று மட்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம், அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கேட்டேவிட்டேன்.

"வேலையில இருந்து வந்தா, நான் கேக்கறதுக்கு ஏங்க பதிலே சொல்றதில்ல?"

அவர் விழித்தார். "நீ எப்போ கேட்டே?"

"தினம்தான் கேக்கறேன். நீங்க படியில குந்திகினு இருக்கசொல்ல."

அவர் காதைத் தொட்டுக் காட்டினார். "மெஷின் புடிச்சிகினு நின்னா காதெல்லாம் அந்தச் சத்தம்தான்மே. மேல வந்தும் ஒரு மணி நேரம் எதுவும் கேக்காது. அது அடங்கற வரிக்கும் சும்மா குந்திகினு இருப்பேன்."

"அந்த மேட்டுல இன்னாத்தப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. வெயில் கீதில்ல, அதான். கீழ ஏது வெயிலு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"நானும் உன்னை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். காலையில அவ்ளோ பேசற. நான் வேலை முடிஞ்சி வந்தா மட்டும் கிட்ட வந்து ஒரு வார்த்தை பேச மாட்டன்றியேன்னு பாத்தேன். மண்ணும் வேர்வையுமா வர்றனே, நாத்தம் புடிக்கலையோன்னு நெனச்சேன். அதான் வந்ததும் சோப்பு போட்டுத் தேய்ச்சித் தேய்ச்சிக் குளிக்கறேன்."

மூன்று மாதமாக நான் குழம்பில் புளியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க, அவர் தோலை உரித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக எவ்வளவு பெரிய கதை கட்டியிருக்கிறோம்! இருந்ததெல்லாம் ஒரு காது, ஒரு சத்தம்; அவ்வளவுதான்.

மறுநாள் டீயை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பேசாமல் உட்கார்வது எனக்குப் புதிது. முதல் நாள் வாய் பரபரத்தது. சில நாளில் அது பழகிப்போனது. பின்னாட்களில் அவருக்கு ஒரு காது மந்தமாகவே ஆகிவிட்டது. எது கேட்பதானாலும் முகத்துக்கு நேரே போய்க் கேட்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. பிள்ளைகளிடமும் அப்படித்தான், மற்றவர்களிடமும் அப்படித்தான். முன்னால் போய் நின்று, "இன்னா விஷயம்?" என்று கேட்டால், பெரும்பாலும் பதில் சின்னதாகத்தான் இருக்கிறது.